கால் இல்லாத கோடரிக்காலிகள்

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்குப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள் ஏராளம். கல்லைப் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கே சிமெண்டு ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் சில அடுக்குகள் முழுக்க முழுக்கச் சிப்பி ஓடுகளால் ஆனவை. கையில் எடுத்தால் கனக்கும் ஓடு. ஒரு பக்கம் கிண்ணமாகக் குழிந்து வளைந்திருக்கும். மறுபக்கம் அதன் மேல் படியும் தட்டையான மூடி. பழைய புவியியலாளர்கள் இதை கிரிஃபியா என்றார்கள். ஆய்ஸ்டருக்குத் தூரத்து உறவு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அரியலூர் கடலுக்கு அடியில் கிடந்த கிரெட்டேசியஸ் காலத்தில் உயிரோடு இருந்தது.

இந்தப் பகுதியின் புதைபடிவங்களை விரிவாக எழுதிவைத்தவர் பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இன்றைய செக் குடியரசைச் சேர்ந்த மொராவியாவில் 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தா வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஹென்றி பிளான்ஃபோர்டு குழுவினர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேகரித்து அனுப்பியிருந்த கற்கள் பெட்டி பெட்டியாகக் காத்திருந்தன. ஸ்டோலிஸ்கா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படம் வரைவித்து, பெயரிட்டு, ‘தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிரினங்கள்’ என்ற வரிசையில் தடித்தடியான தொகுதிகளாக வெளியிட்டார். ஏறத்தாழப் பத்தாண்டு வேலை இது. 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் 36 வயதில் இறந்துபோனார். லே நகரில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

அந்த வரிசையின் மூன்றாம் தொகுதி 1870-71இல் வந்தது. முழுக்கச் சிப்பிகள்தான். அட்டையில் உள்ள தலைப்பு: ‘பெலிசிபோடா’.

கிரேக்கத்தில் பெலெகிஸ் என்றால் கோடரி, போடா என்றால் கால்கள். கோடரிக்காலிகள். மணலைக் கிழித்து இறங்கும் மட்டியின் சதைக் கால் பக்கவாட்டில் தட்டையாக, முனை கூர்ந்து கோடரி அலகைப் போலவே இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்டோலிஸ்காவின் மேசையில் ஒரு கால்கூடக் கிடையாது. மட்டி செத்தால் சில நாளில் கால் அழுகிவிடும். கால் அழுகி ஏழு கோடி ஆண்டுகள் ஆன பிராணிகளைக் காலை வைத்து அழைத்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று அறிவியலில் புழங்கிய பெயர்களில் அதுவும் ஒன்று. வேடிக்கை இனிமேல்தான். இதே கிரெட்டேசியஸ் காலச் சிப்பிகள் இங்கிலாந்திலும் கிடைக்கின்றன. ஹென்றி வுட்ஸ் என்பவர் 1899 முதல் 1913 வரை பகுதி பகுதியாக அவற்றைப் பற்றி எழுதினார். அந்த நூலின் பெயரில் பெலிசிபோடாவைக் காணோம்; ‘லாமெல்லிபிராங்கியா’ என்று இருக்கிறது. இலை போன்ற செவுள் உடையவை என்று பொருள். வுட்ஸின் கற்களிலும் செவுள் கிடையாது. ஒரே காலத்துச் சிப்பிகள், ஒரே வகுப்பு; அரியலூரில் கிடைத்தால் காலால் பெயர், இங்கிலாந்தில் கிடைத்தால் செவுளால் பெயர்.

இந்த இரண்டு பெயர்களும் இன்று வழக்கொழிந்துவிட்டன. இரண்டு ஓடு கொண்ட மெல்லுடலிகளுக்கு இப்போது உலகம் முழுக்கப் பைவால்வியா என்று பெயர். இருவோடு என்பதைத் தவிர அதில் வேறு பொருள் இல்லை. மூன்று பெயர்களில் மிகவும் மேலோட்டமானது அதுதான். காலைப் பார்த்தவர்களும் செவுளை அறுத்துப் பார்த்தவர்களும் தோற்று, வெளியில் தெரியும் ஓட்டை எண்ணியவர் ஜெயித்த கதை இது.

ஓட்டை எண்ணியவர் லின்னேயஸ். 1758இல் வெளியான ‘இயற்கை அமைப்பு’ நூலின் பத்தாம் பதிப்பில், முதுகெலும்பில்லாதவற்றில் பூச்சி அல்லாத எல்லாவற்றையும் வெர்மிஸ், அதாவது புழுக்கள், என்ற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டினார். அதற்குள் ஓடு உடையவை ஒரு பிரிவு. ஒரு ஓடு, இரண்டு ஓடு, பல ஓடு என்று அதை மூன்றாக்கினார். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களை அலமாரியில் அடுக்கும் செல்வந்தர்களுக்கு இது மிகவும் வசதி. உள்ளே இருந்த பிராணியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் அதைக் கொதிக்க வைத்துச் சுரண்டித்தான் ஓட்டை எடுத்தார்கள்.

வசதிக்குக் கொடுத்த விலை பெரிது. படகின் அடியில் ஒட்டி வளரும் பார்னக்கிள் பல ஓடு கொண்டது, ஆகவே அதுவும் சிப்பிக்கு உறவு என்றானது. அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது என்பது 1830இல் ஜான் வாகன் தாம்சன் அதன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பிராக்கியோபோடுகள் என்ற வேறொரு கடல் இனத்துக்கும் இரண்டு ஓடு உண்டு; லின்னேயஸ் அவற்றில் சிலவற்றைச் சிப்பியோடு சிப்பியாக அனோமியா என்ற பேரினத்தில் வைத்தார். உடலமைப்பில் இரண்டுக்கும் துளியும் தொடர்பில்லை. சிப்பியின் ஓடுகள் உடலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மூடுகின்றன. பிராக்கியோபோடின் ஓடுகள் முதுகையும் வயிற்றையும் மூடுகின்றன. அரியலூர்ப் பக்கம் கல் பொறுக்கப் போகிறவர்களுக்கு இது பயன்படும்: ஒற்றை ஓட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு கற்பனை செய்து பாருங்கள். கோட்டின் இரு பக்கமும் ஒத்திருந்தால் பெரும்பாலும் பிராக்கியோபோடு. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சிப்பி. கிரிஃபியா போன்ற வகைகள் கொஞ்சம் ஏமாற்றும்.

லின்னேயஸ் சறுக்கிய இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கப்பற்புழு விவகாரம். மரத்தைத் துளைத்துத் தின்னும் டெரிடோ என்ற சிப்பி அது. உடல் முழம் நீளத்துக்கு வெறும் புழுவாக இருக்கும். தலைப்பக்கம் இரண்டே இரண்டு குட்டி ஓடுகள், மரத்தை அராவும் கருவிகளாக. 1731இல் நெதர்லாந்தின் கடலணைகளைத் தாங்கிய மரக்கட்டைகளை இது அரித்துத் தள்ளி நாட்டையே கலங்கடித்தது. இரண்டே ஆண்டில், 1733இல், கோட்ஃபிரீட் செல்லியஸ் என்பவர் இந்தப் பிராணியை அறுத்து ஆராய்ந்து, இது புழு இல்லை, சிப்பி இனம் என்று ஒரு முழு நூலே எழுதிவிட்டார். கால் நூற்றாண்டு கழித்து லின்னேயஸ் அதைத் தூக்கி எங்கே வைத்தார் தெரியுமா? அட்டைப்பூச்சியோடும் வயிற்றுப் பூச்சியோடும், குடற்புழுக்கள் வரிசையில். பெரியவர் எல்லாவற்றையும் படித்திருக்க முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

ஓட்டை விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் பாரிஸில் பிறந்தது. அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் அவ்வளவாக ஆகாதவர்கள், ஒரே பிராணிக்கு மூன்று பெயர் வைத்தார்கள்.

முதலாமவர் ஜார்ஜ் குவியே. இளம் வயதில் நார்மண்டியில் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கடற்கரைப் பிராணிகளை அறுத்துப் பார்த்துப் பழகியவர். 1795இல் பாரிஸ் வந்ததும் லின்னேயஸின் புழு மூட்டையை அவிழ்த்தார். மெல்லுடலிகளைத் தனியே பிரித்து, தலையை அளவுகோலாக எடுத்துக்கொண்டார். கணவாய்க்குத் தலையும் கண்ணும் உண்டு, நத்தைக்கும் உண்டு. சிப்பிக்கு? திறந்தால் வாய் இருக்கிறது, வாயைச் சுற்றித் தலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அசெஃபாலா: தலையில்லாதவை. (தமிழில் புத்தி மந்தமானவனை மட்டி என்று திட்டுகிறோம். குவியே கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.)

குவியேயின் பெயரில் ஒரு சங்கடம். தலை இல்லை என்பதை வைத்துக் கூட்டம் சேர்த்தால் தலையில்லாத எல்லாரும் வந்துவிடுவார்கள். பாறைகளில் தோல்பை மாதிரி ஒட்டிக்கொண்டு, தொட்டால் தண்ணீர் பீய்ச்சும் ட்யூனிகேட்டுகளும் அவருடைய அசெஃபாலாவில் ஓடில்லாத கிளையாக இடம் பெற்றன. 1866இல் ருஷ்ய விஞ்ஞானி கோவலெவ்ஸ்கி அவற்றின் குஞ்சுகளை ஆராய்ந்தபோது வாலில் முதுகுநாண் இருந்தது. முதுகெலும்புள்ள நமக்கு நெருங்கிய சொந்தம்! சிப்பியின் பந்தியில் உட்காரவைத்தவர் நம் பங்காளி என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாமவர் லாமார்க். படிவளர்ச்சிக் கருத்தால் இன்று அறியப்படும் அவர், பிழைப்புக்குச் செய்தது முதுகெலும்பில்லாதவற்றைப் பற்றிய பேராசிரியர் வேலை. 1793இல், ஐம்பதை நெருங்கும் வயதில் கிடைத்தது. 1818இல் அவர் வைத்த பெயர் காங்கிஃபெரா, ஓடு சுமப்பவை. கண்பார்வை மங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெயர் ரொம்ப நாள் நிலைக்கவில்லை.

மூன்றாமவர் ஹென்றி டி பிளேன்வில். குவியேயின் மாணவராகத் தொடங்கியவர்; அவருக்குப் பதிலாக வகுப்பெடுக்கும் அளவுக்கு நம்பிக்கை பெற்று, பின்னர் பகையாளியானவர். 1814இல் செவுளைக் கையிலெடுத்து லாமெல்லிபிராங்கியாவை முன்வைத்தார். லாமார்க் இறந்ததும் 1830இல் அவருடைய பதவி பிளேன்விலுக்கு வந்தது. குவியே இறந்ததும் 1832இல் அவருடைய பதவியும் இவருக்கே வந்தது. இரண்டு போட்டியாளர்களின் நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்த மனிதர். அவர் வைத்த பெயர்தான் பாரிஸ் பெயர்களில் அதிக காலம் வாழ்ந்தது.

இவர்களுக்கு வெளியே, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் கோல்ட்ஃபஸ் 1820இல் ஒரு விலங்கியல் கையேடு எழுதினார். அதில்தான் பெலிசிபோடா வருகிறது. வயிற்றுக்காலி, தலைக்காலி என்று வேறு மெல்லுடலி வகுப்புகளுக்குக் காலை வைத்தே பெயர் இருக்கும்போது சிப்பிக்கும் காலையே வைத்துவிட்டால் வரிசை பொருந்திவிடும். இந்தப் பொருத்தம்தான் பெலிசிபோடாவின் கவர்ச்சி. புரோட்டோசோவா என்ற பெயரையும் சூட்டியவர் இதே கோல்ட்ஃபஸ்தான். அது இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது.

நான் பிளேன்வில் கட்சி. தோற்ற கட்சிதான், ஆனாலும் காரணம் உண்டு.

விலங்கியல் படித்தவர்களுக்கு லாமெல்லிடன்ஸ் என்ற நன்னீர் மட்டியை அறுத்த ஞாபகம் இருக்கும். குளத்துச் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் கரும்பச்சைச் சிப்பி. கத்தியின் முனையை இரண்டு ஓட்டுக்கும் நடுவில் நுழைத்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருக்கும் மூடுதசைகளை அறுத்ததும் சிப்பி தானாகவே வாய் பிளக்கும். கீலின் மேல் உள்ள மீள்விசைப் பட்டை எப்போதும் ஓட்டைத் திறக்கவே இழுக்கிறது. உயிர் உள்ளவரை தசைதான் பிடித்து மூடி வைத்திருக்கிறது. குழம்பில் மட்டி வெந்ததும் திறந்துகொள்வது இதனால்தான். திறந்தவுடன் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய போர்வைப் படலம் தெரியும். அதை ஊசியால் தூக்கி மடித்தால் கீழே செவுள். பக்கத்துக்கு இரண்டு தகடு, மொத்தம் நான்கு. பழுப்பும் மஞ்சளும் கலந்த நிறம், உடலின் முக்கால் நீளம், தொட்டால் கிழிந்துவிடுகிற மென்மை. ஒவ்வொரு தகடும் தனித்தகடு இல்லை, மடித்த இரட்டை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்துச் செவுள் ஆங்கில டபிள்யூ எழுத்தின் வடிவம். சதைப்பற்றான கால் நடுவில் இருக்கிறது. ஆனால் முதலில் கண்ணில் படுவதும் அதிக இடம் அடைப்பதும் செவுள்தான்.

மூச்சு விட மட்டும் என்றால் இவ்வளவு பெரிய செவுள் தேவையே இல்லை. இது சோறு வடிக்கும் உறுப்பும்கூட. தகட்டின் மேற்பரப்பில் வரிசை வரிசையாக மெல்லிய இழைகள். ஒவ்வோர் இழையின் மீதும் கண்ணுக்குத் தெரியாத குறுயிழைகள் மூன்று வகை. பக்கவாட்டில் உள்ளவை ஓயாமல் அடித்து நீரை உள்ளே இழுக்கின்றன. மூலையில் உள்ளவை நீரோடு வரும் நுண்பாசியைத் தடுத்துப் பிடிக்கின்றன. முன்புறத்தில் உள்ளவை பிடித்ததைச் சளியில் சுற்றி விளிம்புக்கு நகர்த்துகின்றன. விளிம்பில் ஒரு வாய்க்கால். அது உதட்டு மடல்களுக்குப் போகிறது. அங்கே மணலும் உணவும் பிரிந்து, உணவு மட்டும் வாய்க்குள் போகும். சளியோடு தள்ளப்பட்ட குப்பை வெளியே விழும். தலை எதற்கு? உணவைத் தேட வேண்டியவனுக்கு அல்லவா தலை வேண்டும். நீரே உணவைக் கொண்டுவந்து கொட்டும்போது சிப்பி தலையைக் கைவிட்டது. மற்ற மெல்லுடலிகளுக்குரிய, அரம் போன்ற பல் நிறைந்த நாக்கும் அதற்கு இல்லை. இங்கிலாந்தின் ரே லாங்கெஸ்டர் 1883இல் மெல்லுடலிகளை நாக்குள்ளவை, தலையிழந்தவை என்று இரண்டாகவே பிரித்து, சிப்பிகளுக்கு லிப்போசெஃபாலா என்று இன்னொரு பெயரையும் சேர்த்துவிட்டுப் போனார்.

நன்னீர் மட்டியின் செவுளுக்கு மூன்றாவது வேலையும் உண்டு: பிள்ளை வளர்ப்பு. பெண் மட்டியின் செவுள் இடுக்குகளில் முட்டைகள் பொரிந்து குளோக்கிடியம் என்ற நுண்ணிய குஞ்சுகள் ஆகின்றன. இரண்டு கொக்கி ஓடுகளோடு இருக்கும் இவை வெளியேறி, மீனின் துடுப்பிலோ செவுளிலோ கவ்விக்கொண்டு சில வாரம் ஓசிப் பயணம் செய்த பிறகே குளத்தடியில் விழுந்து மட்டியாகும். 1797இல் ஜென்ஸ் ராத்கே இந்தக் குஞ்சுகளைப் பார்த்தார். மட்டியின் செவுளை அரிக்கும் ஒட்டுண்ணி என்று நினைத்து ‘குளோக்கிடியம் பாராசிட்டிகம்’ என்று பெயரே வைத்துவிட்டார். தாயின் வயிற்றுப் பிள்ளையை நோய் என்று எழுதிய பெயர். பிழை தெரிந்த பிறகும் குளோக்கிடியம் என்ற பாதி இன்றுவரை பாடநூலில் நிற்கிறது.

இத்தனை வேலை செய்யும் உறுப்பை வைத்துப் பெயரிட்ட பிளேன்விலை நான் ஏன் தோற்ற கட்சி என்கிறேன்? எல்லாச் சிப்பிக்கும் இந்தச் செவுள் இல்லை.

கடலடிச் சேற்றில் வாழும் நுகுலா என்ற சிறு சிப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் செவுளில் மடித்த தகடு கிடையாது. எளிய சிறு இதழ்கள், மூச்சுவிட மட்டும். சாப்பாட்டுக்கு உதட்டு மடலை நீட்டிச் சேற்றைத் துழாவி எடுத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு அதன் கால் கோடரியாகவும் இல்லை, கீழே தட்டையான அடி கொண்டது. பிளேன்விலையும் கோல்ட்ஃபஸையும் ஒரே சமயத்தில் பொய்யாக்கும் பிராணி. இன்னொன்று ஆழ்கடலின் கஸ்பிடாரியா. அதற்குச் செவுளே தேய்ந்துபோய், அந்த இடத்தில் துளைகள் கொண்ட தசைத் தடுப்பு ஒன்று நிற்கிறது. தசை சடாரென்று சுருங்கினால் நீர் உள்ளே பாயும்; நீரோடு நுண்ணிய இறால் வகைப் பிராணியும் மாட்டிக்கொள்ளும். வடிகட்டிக் குடிக்கும் சாதுக்களின் குலத்தில் ஒரு வேட்டைக்காரன்.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் இப்படிப்பட்ட ஆழ்கடல் பிராணிகளை அள்ளிக்கொண்டு வந்தது. அவற்றின் உடற்கூறை ஆராய்ந்தவர் பெல்ஜியத்தின் பால் பெல்செனீர். செவுளின் விதவிதமான கட்டமைப்பைப் பார்த்து, இதையே ஏணியாக வைத்து முழு வகுப்பையும் அடுக்கலாம் என்று முடிவு செய்தார். எளிய செவுள் கீழ்ப்படி, இழைச் செவுள் அடுத்த படி, முழுத் தகட்டுச் செவுள் அதற்கும் மேல், தடுப்புச் செவுள் தனிக்கிளை. பல தலைமுறை மாணவர்கள் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் செவுளாலேயே எல்லாவற்றையும் பிரித்த அந்த மனிதர் 1889இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இவற்றைக் கோடரிக்காலிகள் என்கிறார்! 

கால் மட்டும் என்ன வாழ்ந்தது? ஆய்ஸ்டர் குஞ்சுக்குக் கால் உண்டு. அதைக் கொண்டு ஊர்ந்து, ஒரு பாறையைத் தேர்ந்து, ஓட்டைச் சுண்ணாம்பால் ஒட்டிக்கொண்டதும் கால் கரைந்து மறைந்துவிடும். வளர்ந்த ஆய்ஸ்டருக்குக் காலே இல்லை. பாறைகளில் அடர்ந்து வளரும் பச்சை மஸலுக்குக் கால் விரல் வடிவம்; அதிலுள்ள பள்ளத்தில் பைசஸ் என்ற உறுதியான நூல் உருவாகி, சிப்பியைப் பாறையோடு கட்டிப்போடுகிறது. மன்னார் வளைகுடாவின் பார்களில் கிடக்கும் முத்துச் சிப்பியும் அப்படியே நூல் விட்டுப் பிணைத்துக்கொள்வதுதான். கப்பற்புழுவின் கால் உறிஞ்சு தட்டு. மரத் துளைக்குள் உடலைப் பிடித்து நிறுத்தி ஓட்டால் அராவ உதவுகிறது. கோடரி என்று மனசாட்சியோடு சொல்லக்கூடியது மணலில் இறங்கும் மட்டிகளின் கால் மட்டுமே.

அசெஃபாலா மட்டும்தான் உண்மைக்கு மாறாகப் பேசாத பெயர். சிப்பிக்கு நிஜமாகவே தலை கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தலை தேவை என்று சிப்பி ஒத்துக்கொள்ளவில்லை. விசிறி வடிவ ஸ்காலப் சிப்பியின் போர்வை விளிம்பைச் சுற்றி நீலமும் கருப்புமாக மின்னும் புள்ளிகள், சிலவற்றில் 200 வரை. ஒவ்வொன்றும் கண். வில்லையால் பிம்பம் விழும் நம் கண்ணைப் போலன்றி, கண்ணின் பின்புறத்தில் உள்ள குவானின் படிகக் கண்ணாடியில் ஒளி தெறித்துப் பிம்பம் உருவாகிறது. 1965இல் மைக்கேல் லாண்ட் இதைக் காட்டினார். பிரதிபலிப்புத் தொலைநோக்கி வேலை செய்யும் விதமும் இதுதான்.

ஆக, செவுளின் பெயரும் காலின் பெயரும் முழு வகுப்பையும் தழுவவில்லை. ஓடாவது தழுவுகிறதா என்றால், அதுவும் இல்லை. செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை வாழும் பூவாளிச் சிப்பி வளர்ந்ததும் நீண்ட சுண்ணாம்புக் குழாயாகிவிடும்; அதன் இரண்டு ஓடும் குழாயின் சுவரில் பதிந்த இரண்டு சிறு முத்திரைகளாக மட்டும் எஞ்சும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த அதிர்ச்சி இன்னும் பெரிது. பெர்த்தெலினியா என்ற குட்டிச் சிப்பியின் ஓடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே புதைபடிவமாகக் கிடைத்திருந்தன. இரண்டு ஓடு, நடுவில் கீல். சிப்பி வகுப்பில் சேர்த்தாயிற்று, யாருக்கும் சந்தேகமில்லை. 1959இல் ஜப்பானின் ஒகயாமா பகுதியில் கவாகுதி, பாபா என்ற இருவர் காலர்பா என்ற பச்சைக் கடற்பாசியில் இதன் உறவினம் ஒன்றை உயிரோடு கண்டார்கள். பாசியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. தலையும் உணர்கொம்பும் நீட்டிக்கொண்டிருந்தது. நத்தை! இரண்டு ஓடு கொண்ட பச்சை நத்தை. ஓட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யும் முறைக்கு இதைவிடக் கன்னத்தில் அறை வேறில்லை. அந்த வேதனையும் தாண்டித்தான் ஓட்டுப் பெயர் வென்றது.

வெற்றிக்குப் புதைபடிவ ஆய்வாளர்கள் ஒரு காரணம். செவுளும் காலும் தலையும் கல்லாவதில்லை, ஓடு ஆகிறது. ஓட்டின் கீலில் உள்ள பற்கள் இன்னும் நன்றாகக் கல்லாகின்றன. ஆஸ்திரியாவின் நியூமாயர் 1883இல் கீல் பற்களை மட்டும் கொண்டே சிப்பிகளை வரிசைப்படுத்திக் காட்டினார். சிப்பி வகுப்பின் வரலாறு கேம்பிரியன் காலத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் தொடங்குகிறது. அதில் பெரும்பங்கு கல்லில்தான் இருக்கிறது. கல்லைப் படிப்பவனுக்குச் செவுளின் பெயரால் என்ன பயன்? அமெரிக்காவில் வில்லியம் ஹீலி டால் 1895இல் தம் பகுப்பைப் பெலிசிபோடா என்ற பெயரில் வெளியிட்டதால் அந்நாட்டுப் புதைபடிவ நூல்கள் கோடரிக்காலின் பக்கம் சாய்ந்தன. பிரிட்டன் லாமெல்லிபிராங்கியாவை விடவில்லை. அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இரண்டு பெயர். ஒரு கரையின் மாணவன் மறுகரையின் நூலைத் திறந்தால் அட்டவணையில் தடுமாறினான்.

இன்னொரு காரணம் சட்டம், அல்லது சட்டம் இல்லாமை. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பு ஒன்று உண்டு. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது அதன் உயிர்நாடி. ஆனால் அதன் அதிகாரம் குடும்பம், மேற்குடும்பம் என்ற படியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ள வரிசை, வகுப்பு, தொகுதி எதிலும் அது தலையிடாது. ஆகவே வகுப்பின் பெயரைத் தீர்ப்புச் சொல்லி முடிக்க நீதிமன்றம் கிடையாது. பழக்கம்தான் முடிவு செய்யும். இருநூறு ஆண்டு இழுபறிக்கு வேர் இங்கே இருக்கிறது. கடைசியில் அமெரிக்கர்களே முதல் அடி எடுத்து வைத்தார்கள். நார்மன் நியூவெல் 1965இல் எழுதிய வகைப்பாட்டுக்குப் பைவால்வியா என்றே தலைப்பிட்டார். 1969இல் முதுகெலும்பில்லாதவற்றின் புதைபடிவங்கள் பற்றிய அமெரிக்கப் பெருந்தொகுப்பில் சிப்பிகளுக்கான பகுதி வெளியானபோது அதன் முதுகிலும் பைவால்வியா என்றே அச்சிட்டிருந்தது. உலகமெங்கும் ஆய்வு மேசையில் கிடக்கும் நூல் அது. அதற்குப் பிறகு வாதம் ஓய்ந்தது.

பெயர் என்பது வருணனை இல்லை என்று ஒப்புக்கொண்டதுதான் இதில் உள்ள நல்ல விஷயம். வெள்ளைச்சாமி என்று பெயர் வைத்ததால் ஆள் வெள்ளையாக இருந்தே தீரவேண்டும் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. பைவால்வியா என்பதும் அப்படித்தான்: இந்த முன்னோரிலிருந்து வந்த இந்தக் குலம் என்று சுட்டினால் போதும். பூவாளிச் சிப்பியின் ஓடு குழாயில் கரைந்தாலும் அது குலத்தில் உண்டு. பச்சை நத்தைக்கு இரண்டு ஓடு இருந்தாலும் அது குலத்தில் இல்லை. குலத்தை இன்று டி.என்.ஏ. சொல்லும்.

பிளேன்விலும் பெல்செனீரும் முழுக்கத் தோற்றுவிடவில்லை என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். இன்றைய வகைப்பாட்டில் பைவால்வியாவின் முதல் கிளைப்பு எளிய செவுள் கொண்ட நுகுலா வகையினருக்கும் மற்ற எல்லாருக்கும் நடுவில்தான் விழுகிறது. முதல் கூட்டத்தின் பெயர் புரோட்டோபிராங்கியா, இரண்டாவதன் பெயர் ஆட்டோபிராங்கியா. இரண்டிலும் செவுள் இருக்கிறது. வகுப்பின் பெயரில் இடம் இழந்தது ஒரு படி கீழே போய் உட்கார்ந்துகொண்டது. பெல்செனீரின் மற்ற படிகளில் பல கலைந்துவிட்டன. தகட்டுச் செவுள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே உருவாகியிருக்கிறது என்றும், தசைத் தடுப்புக்காரர்கள் தனி வரிசை இல்லை என்றும் இன்று கொள்கிறார்கள்.

நம் ஊர்க் கல்லூரிப் பாடநூல்களில் பெலிசிபோடாவும் லாமெல்லிபிராங்கியாவும் மேற்கில் ஓய்ந்த பிறகும் நெடுநாள் தொடர்ந்தன. பழைய பதிப்புகளை அப்படியே மறு அச்சு போட்டால் வேறென்ன ஆகும்? தமிழில் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடரிக்காலிகள், இலைச்செவுளிகள் என்று இந்தப் பெயர்களுக்குப் புதிதாகத் தமிழாக்கம் செய்து மாணவர் தலையில் ஏற்ற வேண்டாம். நான் இந்த அத்தியாயத்தில் செய்தது கதைக்காக. இருவோட்டுச் சிப்பிகள் என்றால் எல்லாருக்கும் புரியும்.

ஆனால் ஆராய்ச்சிக்கு இறங்குகிறவர்கள் இறந்துபோன பெயர்களை மறந்துவிடக் கூடாது. அரியலூர்ச் சிப்பிகளைப் பற்றி அறிய வேண்டுமானால் ஸ்டோலிஸ்காவின் தொகுதி இன்றும் தவிர்க்க முடியாத நூல். நூலகப் பட்டியலில் அது பெலிசிபோடாவின் கீழ் இருக்கும். அதே காலத்து ஆங்கிலேயச் சிப்பிகளோடு ஒப்பிட வுட்ஸ் வேண்டும். அவர் லாமெல்லிபிராங்கியாவின் கீழ் இருப்பார். 1969க்குப் பிந்தியவை பெரும்பாலும் பைவால்வியாவில் கிடைக்கும். தேடும்போது மூன்று பெயரிலும் தேடுங்கள்.